பழைய பறவைப் புத்தகம் என்ன சொல்கிறது?



தோட்டத்து லயத்தைக் காலி செய்து பட்டணத்துக்குக் குடிபோகும் நாளில் முதலில் வாசலுக்கு வருபவை பழைய புத்தகங்கள்தாம். பிள்ளைகளின் பாடநூல், கிழிந்த பஞ்சாங்கம், பெட்டியடியில் கிடந்த ஆங்கிலப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி, பழைய பேப்பர் வாங்குகிறவரிடம் நிறுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கட்டுக்குள் சில வீடுகளில் ஒரு பறவைப் புத்தகமும் இருக்கும். துரை சீமைக்குத் திரும்பும்போது கிராணியாரிடம் கொடுத்துவிட்டுப் போனதாக இருக்கலாம். பள்ளி நூலகம் வேண்டாமென்று கழித்ததாக இருக்கலாம். வண்ணப் படம் அழகாக இருக்கிறதே என்று யாரோ ஒருவர் பிள்ளைகளுக்காக எடுத்து வைத்ததாகவும் இருக்கலாம்.

“அறுபது, எழுபது வருஷத்துப் புத்தகம். இங்கிலீஷ் வேறு. இன்று கைத்தொலைபேசியைப் பறவை கத்தும் பக்கம் நீட்டினால் அதுவே பெயரைச் சொல்லிவிடுகிறதே! இனி இந்தப் புத்தகம் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த மாதம் அதற்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

எழுதியவர்கள் யார்?

மலாயாப் பறவைகளை வண்ணப் படத்தோடு விவரித்த பெரிய நூல் 1927-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. எழுதியவர் ஹெர்பர்ட் ராபின்சன். கோலாலம்பூரில் அரசாங்க அரும்பொருட்காட்சிச் சாலைகளுக்குத் தலைவராக இருந்தவர். ஐந்து பாகமாக எழுதத் திட்டம். 1927-இல் முதற்பாகமும் 1928-இல் இரண்டாம் பாகமும் வந்தன. 1929-இல் ராபின்சன் காலமானார். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அரும்பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த பிரெடரிக் சேசன் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1936-இல் மூன்றாம் பாகம், 1939-இல் நான்காம் பாகம். ஐந்தாவதை முடிப்பதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

அந்த யுத்தத்துக்கும் நம் ஜித்ராவுக்கும் உள்ள தொடர்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1941 டிசம்பர் 11 முதல் 13 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரிடம் தோற்றுப் பின்வாங்கியது இந்த ஜித்ராவில்தான். அதன்பின் இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 15-இல், சிங்கப்பூரும் விழுந்தது. விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் சிங்கப்பூரை விட்டுக் கப்பலேறிய சேசன், அந்தக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டதில் உயிரிழந்தார். அவர் விட்டுப்போன ஐந்தாம் பாகத்தை லார்ட் மெட்வே, டேவிட் வெல்ஸ் என்ற இருவர் எழுதி முடித்தார்கள். வெளிவந்த ஆண்டு 1976. நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் இடையே 37 ஆண்டுகள்!

இன்னொரு புத்தகத்தின் கதையும் இதே யுத்தத்தைச் சேர்ந்ததுதான். மலாயாப் போலீஸ் அதிகாரி கை மேடாக், சாங்கியில் ஜப்பானியரின் கைதியாக இருந்த காலத்தில், 1943-இல், கிடைத்த தாளில் மலாயாப் பறவைகளுக்கு ஓர் அறிமுக நூலை எழுதினார். அரைவயிற்றுச் சோற்றுக்கே திண்டாடிய முகாமில், வெளியே பறந்து திரிந்த பறவைகளைப் பற்றி ஒரு மனிதர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். யுத்தம் முடிந்தபின், 1947-இல், மலாயா இயற்கைக் கழகம் அதை அச்சிட்டது. 1940-இல் தொடங்கிய அந்தக் கழகம் மலேசிய இயற்கைக் கழகம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

பிறகு 1951-இல் கிளெனிஸ்டரின் நூல், 1960-இல் டுவீடியின் சிறிய நூல், 1975-இல் தென்கிழக்காசியா முழுவதற்குமான கையேடு என்று வரிசையாக வந்தன. 1999-இல் வந்த மேற்கு மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைக் கையேட்டின் அட்டையில் உள்ள பெயர் நம் காதுக்குப் பழகிய பெயர்: ஆலன் ஜெயராஜசிங்கம். படங்களை வரைந்தவர் ஆலன் பியர்சன்.

பழைய புத்தகத்தால் ஆகாத காரியங்கள்

முதலில் குறைகளைச் சொல்லிவிடுவோம். முன்பின் தெரியாத ஒரு பறவையைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்க வேண்டுமானால் பழைய புத்தகம் சரியான துணை ஆகாது.

ஏன் என்றால், அக்காலத்து ஓவியர்களில் பலர் பறவையை உயிரோடு பார்த்து வரைந்தவர்கள் அல்லர். ராபின்சன் நூலுக்குப் படம் வரைந்த குரோன்வோல்ட், லண்டனில் இருந்தவர். சுட்டுப் பதப்படுத்தி அனுப்பிய தோல்களைப் பார்த்து வரைவதே அன்றைய வழக்கம். இறந்த பறவையின் கண்ணும் அலகும் காலும் நாளடைவில் நிறம் மாறிப்போகும். ஆகவே படத்தில் உள்ள கால் நிறத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது. பறவை கிளையில் எப்படி உட்காரும், வாலை எப்படி ஆட்டும் என்பதும் அந்தப் படத்தில் தெரியாது.

இரண்டாவது, பெயர்கள் மாறிவிட்டன. ஆங்கிலப் பெயர் மட்டுமின்றி விஞ்ஞானப் பெயரும் மாறியிருக்கிறது. நம் வாசலில் தீனி பொறுக்கும் புள்ளிப் புறாவுக்குப் பழைய புத்தகத்தில் ஸ்ட்ரெப்டோபெலியா சைனென்சிஸ் என்று பெயர். இன்று ஸ்பைலோபெலியா சைனென்சிஸ். அன்று ஒரே பறவை என்று எண்ணியதை இன்று இரண்டாகப் பிரித்ததும் உண்டு.

மூன்றாவது, அளவுகள் அங்குலத்தில் இருக்கும். நான்காவது, எந்தப் பறவை எந்த ஊரில் இருக்கும் என்று போட்டிருப்பது இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆனால், வாசகர்களே, இந்த நான்காவது குறை இருக்கிறதே, அதுதான் பழைய புத்தகத்தின் பெரிய நிறை!

சாட்சி சொல்லும் புத்தகம்

புதிய கையேடும் கைத்தொலைபேசியும் இன்று இங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். உங்கள் தாத்தா பால்வெட்டப் போன காலத்தில் இங்கே என்ன இருந்தது என்று அவற்றைக் கேட்டால் சரியான பதில் வராது. அதற்கு அந்தக் காலத்தில் எழுதிய புத்தகம்தான் வேண்டும். பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். அங்கே நம் நாட்டின் கதை ஒன்று இருக்கும். சில உதாரணங்களைச் சொல்கிறேன்.

காக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காக்கை, அமாவாசைச் சோற்றுக்கு நாம் கூப்பிடும் காக்கை, இந்த நாட்டுப் பறவையே அல்ல. இங்கே முன்பிருந்தே உள்ளது அண்டங்காக்கை. சிலாங்கூரில் காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், காப்பி இலையைத் தின்று அழித்த புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகளைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். 1890-களில் நடந்த காரியம். 1903-இல் இலங்கை அரும்பொருட்காட்சிச் சாலையின் சஞ்சிகையில் இதைப் பற்றிக் கட்டுரையே வெளிவந்தது. காப்பி போய் ரப்பர் வந்தது. காக்கை மட்டும் தங்கிவிட்டது. பழைய மலாயாப் புத்தகத்தில் வீட்டுக் காக்கையைத் தேடினால் கிள்ளான் வட்டாரத்துப் பறவை என்றுதான் இருக்கும். இன்று அது இல்லாத பட்டணம் எது? தோட்ட வேலைக்கென்று கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, வேலை போனபின்னும் இங்கேயே வேரூன்றிப் பெருகிய ஜீவன் ஒன்று நமக்குத் துணையாக இருந்திருக்கிறது!

காக்கை பெருகினால் அதன் பின்னால் யார் வருவார்? சின்னக் குழந்தைக்கும் தெரியும். குயில்தான். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இடும். பழைய புத்தகங்களில் குயில் இந்நாட்டுக்குப் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளி. வடக்கேயிருந்து வந்து, சில மாதம் தங்கி, திரும்பிவிடும். வீட்டுக் காக்கை பரவிய பிறகு, 1980-கள் முதல், பட்டணங்களில் குயில் நிலையாகத் தங்கிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. இன்று விடியுமுன் நம்மை எழுப்பும் குயிலோசைக்குப் பின்னால் காப்பித் தோட்டத்துப் புழுவின் கதை இருக்கிறது என்பது பழைய புத்தகமும் புதிய புத்தகமும் சேர்ந்து சொல்லும் செய்தி.

அடுத்தது வெள்ளை முகத்து ஆந்தை. கூகை என்றும் சாக்குருவி என்றும் நம்மவர் சொல்லும் பறவை. அது வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கத்தினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று லயத்தில் பயந்தவர்கள் எத்தனை பேர்! பழைய மலாயாப் புத்தகத்தில் இது அபூர்வமான பறவை. அப்படியிருக்க, இன்று ஏன் சாதாரணமாகக் காண்கிறோம்? செம்பனைதான் காரணம். இந்நாட்டில் செம்பனை வர்த்தக முறையில் முதன்முதல் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். பெயரே தமிழ்! பிறகு, குறிப்பாக 1960-களுக்குப் பின், ரப்பர் நிரைகளைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைப் பழத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிக் கூகை வந்தது. எலி மருந்துச் செலவைக் குறைக்கத் தோட்டங்களே கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்து அதற்கு வீடு கொடுத்தன. ஒரு ஜோடிக் கூகை தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சாவைக் கொண்டுவரும் என்று நாம் கல்லெறிந்த பறவை, நம் தோட்டத்தில் சம்பளம் வாங்காத காவல்காரன்.

இனி ஜித்ரா வயல்வெளிக்கு வருவோம். அலோர் ஸ்டாரிலிருந்து ஜித்ரா பக்கம் போகும்போது, உழுத வயலில் சாம்பல் நிறத்தில் பெரிய நாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலகின் இரு பாதியும் நடுவில் ஒட்டாமல் ஓர் இடைவெளி தெரியும். தமிழ்நாட்டில் நத்தைகுத்தி நாரை என்பார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் அது தலைமுறை தலைமுறையாக இருக்கும் பறவை. பழைய மலாயாப் புத்தகங்களில் தேடிப் பாருங்கள், இருக்காது. வடக்கே தாய்லாந்திலிருந்து 2000-களின் இறுதியில்தான் இங்கே வரத் தொடங்கியது. 2013-இல் சிங்கப்பூர் வரை எட்டிவிட்டது. இந்நாட்டு வயல்களில் அதற்கு விருந்து வைத்தது எது? சிப்புட் கொண்டாங் எமாஸ் என்று விவசாயிகள் திட்டும் தங்க நிற நத்தை. தென்னமெரிக்காவைச் சேர்ந்த அந்த நத்தை 1991-இல் மலேசியாவில் கண்டறியப்பட்டது. இளம் நெற்பயிரைத் தின்னும் அந்த நத்தையை இந்த நாரை தின்கிறது.

வந்தவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் ஆகாது. போனவர்களும் உண்டு. பழைய புத்தகங்களில் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இடம் உண்டு. பெர்லிஸ், கெடா போன்ற வடமாநிலங்களில் செத்த மாட்டைச் சுற்றி அவை இறங்கிய காலம் இருந்தது. வயலில் மாடு செத்துக் கிடப்பது குறைந்தது, கழுகும் குறைந்தது, இன்று இந்நாட்டில் வாழும் பறவைகளின் பட்டியலில் அவை இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் “சின்ன வயதில் மொட்டைத் தலைக் கழுகு பார்த்திருக்கிறேன்” என்று சொன்னால், தமிழ்நாட்டுக் கதையைச் சொல்கிறார் என்று சிரித்துவிடாதீர்கள். இந்த மண்ணிலேயே பார்த்திருக்கலாம்.

ஆற்றங்கரையில் அழகாகப் பாடும் பாராவ்-பாராவ் பறவையின் கதை இன்னும் வருத்தமானது. வைக்கோல் நிறத் தலையுள்ள பெரிய கொண்டைக்குருவி இனம். பழைய புத்தகத்துக்கு அது ஆற்றோரத்துச் சாதாரணப் பறவை. அதன் பாட்டே அதற்கு எமனாயிற்று. கூண்டில் வைத்துப் பாடவைப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே தீர்த்துவிட்டார்கள். 2018-இல் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் அது அழியும் தறுவாயில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. “சாதாரணம்” என்று அச்சில் உள்ள அந்த ஒரு சொல் இல்லாவிட்டால், நாம் எதை இழந்தோம் என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய புத்தகத்தில் ஒரு பறவை இல்லை என்பதாலேயே அன்று அது நாட்டில் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். டுவீடியின் நூல் போன்ற சிறிய புத்தகங்கள் சாதாரணமாகக் கண்ணில் படும் பறவைகளை மட்டுமே சொல்லும். எல்லாப் பறவைகளையும் சொல்ல வந்த பெரிய நூலிலும் இல்லையென்றால்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் உண்டு. முன்னுரையைப் படித்தால் அந்தப் புத்தகம் எந்த வகை என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புத்தகத்தில் ஏறாத பெயர்கள்

இத்தனை சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் அரும்பொருட்காட்சிச் சாலைத் தலைவர்கள், போலீஸ் அதிகாரி, அவர்களைப் போன்றவர்கள். ஆங்கிலப் பெயரோடு மலாய்ப் பெயரையும் பல இடங்களில் எழுதி வைத்தார்கள். தோட்டத்தில் நாள் முழுவதும் மரத்தடியில் நின்ற நம்மவரின் வாய்ச்சொல் அவற்றில் ஏறவில்லை.

யோசித்துப் பாருங்கள். பிரட்டுக்கு நின்றுவிட்டு இருட்டோடு நிரைக்குப் போனவர்களுக்குத் தெரியாத பறவைச் சத்தம் உண்டா? நிலா வெளிச்சத்தில் ரப்பர்க் காட்டுப் பாதையில் உட்கார்ந்து, மரத்தில் தட்டுவதுபோல் ‘டொக்... டொக்... டொக்’ என்று எண்ணி எண்ணி ஒலிக்கும் பறவை ஒன்று உண்டு. மலாய்க்காரர் அதை புரோங் துக்காங், அதாவது ஆசாரிப் பறவை, என்பார்கள். ஒரே மூச்சில் எத்தனை முறை தட்டும் என்று பந்தயம் கட்டி விளையாடியவர்களும் உண்டு. பக்கி வகையைச் சேர்ந்த பறவை அது. உங்கள் லயத்தில் அதற்கு என்ன பெயர்? உங்கள் பாட்டியிடம் கேட்டதுண்டா?

நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தது கொஞ்சம். நாவில் கொண்டுவந்தது அதிகம். செம்போத்து, கரிச்சான், மீன்கொத்தி, தூக்கணாங்குருவி, கொக்கு என்று ஊரில் சொன்ன பெயரை இங்கே கண்ட அதே பறவைக்கும், அதைப் போன்ற பறவைக்கும் வைத்தார்கள். ஊரில் இல்லாத பறவைக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். இல்லையேல் மலாய்ப் பெயரை நம் வாய்க்கு ஏற்றபடி திருப்பிச் சொன்னார்கள். இந்தச் சொற்கள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். அவற்றை வைத்திருப்பவர்கள் இன்று எழுபது, எண்பது வயதுக்காரர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான பிறகு, பட்டணத்து அடுக்குமாடியில் அவர்களிடம் பறவையைப் பற்றிக் கேட்பார் யாருமில்லை. அவர்கள் கண்மூடினால் அந்தப் பெயர்களும் போய்விடும். அச்சில் இல்லாததைப் பிறகு எந்த நூலகத்தில் தேடுவது?

இங்கேதான் படம் போட்ட பழைய புத்தகம் நமக்குக் கைகொடுக்கும். படத்தைப் பார்க்க ஆங்கிலம் வேண்டாம். எழுத்தே தெரிய வேண்டாம். கைத்தொலைபேசியின் சின்னத் திரையில் நகரும் படத்தைவிட, மடியில் வைத்துத் திருப்பும் புத்தகம் பெரியவர்களுக்குச் சுலபம். ஒரு பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் சேர்ந்திருக்கும். ஒன்றைத் தேடும்போது பக்கத்தில் உள்ள இன்னொன்று ஞாபகத்தைக் கிளறும். “இது எங்கள் மேட்டுத் தீம்பார் ஆற்றோரம் வரும். இதைப் பார்த்தால் அன்றைக்கு மழை என்பார் கங்காணி” என்று பேச்சு தானாக வரும். பறவையோடு சேர்ந்து தோட்டமும் ஆறும் அங்கே வேலை செய்தவர்களும் எழுந்து வருவார்கள்.

செய்து பாருங்கள்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைதான். பணச் செலவு இல்லை.

முதலில், புத்தகம் கிடைத்தால் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். ஆண்டு தெரியாத சாட்சிக்கு மதிப்புக் குறைவு. வண்ணப் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்ட ஆசை வரும். வேண்டாம். படம் தன் பக்கத்தை விட்டுப் பிரிந்தால் எந்த ஊர், எந்தக் காலம் என்ற விவரமும் பிரிந்துவிடும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். நாளானால் பழுப்பேறித் தாளையே அரித்துவிடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். புத்தகம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரிய நூலகங்களில் கேட்டுப் பார்க்கலாம். பழைய இயற்கை நூல்கள் பல இப்போது படியெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். பறவைப் புத்தகத்தில் கிறுக்காமல் இதில் எழுதுங்கள். பக்க எண், படத்தின் எண், பெரியவர் சொன்ன பெயர், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு, எங்கே பார்த்தது, காலையா மாலையா என்று வரிசையாகக் குறியுங்கள்.

மூன்றாவது, பெயரை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். “பாட்டி, இது மீன்கொத்திதானே?” என்று கேட்டால் பாட்டியும் “ஆமாம்” என்றுதான் சொல்வார். “பாட்டி, இதை நம் தோட்டத்தில் என்னவென்று கூப்பிடுவீர்கள்?” என்று கேளுங்கள். ‘அப்படியொரு பெயர் அகராதியில் இல்லையே’ என்று திருத்தவும் வேண்டாம். அகராதியில் இல்லாத சொல்லைத் தேடித்தானே உட்கார்ந்திருக்கிறோம்! படத்தின் கால் நிறம் சரியில்லை என்று பாட்டி சொன்னால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். லண்டன் ஓவியரைவிடப் பாட்டி பக்கத்தில் நின்று பார்த்திருப்பார்.

நான்காவது, அதே பறவையைப் புதிய கையேட்டிலோ கைத்தொலைபேசியிலோ தேடி, இன்று வழங்கும் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். தமிழ்ப் பெயருக்கு, தமிழ்நாட்டில் ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ போன்ற நூல்கள் உதவும். கடலுக்கு இருபுறமும் உள்ள பறவைகள் பல அதில் உண்டு. பாட்டி சொன்ன பெயரும் நூலில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் மகிழ்ச்சி. வேறாக இருந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி!

ஐந்தாவது, பறவையைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் கூட்டைக் கலைக்கவோ குஞ்சைத் தூக்கி வரவோ கூடாது. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பல பறவைகளைப் பிடிக்கவோ கூண்டில் வைக்கவோ உரிமம் வேண்டும். சட்டம் இருக்கட்டும்; பாராவ்-பாராவுக்கு நேர்ந்ததை நினைத்தாலே போதும்.

இது சின்ன வேலை என்று எண்ணாதீர்கள். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1891-இல் பிறந்த ஜி. எம். ஹென்றி, தானே எழுதித் தானே படம் வரைந்து 1955-இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு வழிகாட்டி நூலைக் கொண்டுவந்தார். அதைப் பழசு என்று ஒதுக்காமல், பின்வந்தவர்கள் திருத்தி 1998-இல் மறுபடி பதிப்பித்தார்கள். இந்தியாவில் சாலிம் அலியின் நூல் 1941-இல் வந்தது. அதுவும் திருத்தம் பெற்றுப் பெற்றுப் பதின்மூன்றாம் பதிப்பு வரை வந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தால்தான் புத்தகத்துக்கு ஆயுள். ராபின்சன் விட்டதைச் சேசன் தொடர்ந்தார். சேசன் விட்டதை மற்ற இருவர் முடித்தார்கள். இவர்கள் எல்லோரும் விட்டுப்போன ஒரு பகுதி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அது தோட்டத்து மக்கள் இந்நாட்டுப் பறவைகளைப் பார்த்த பார்வை, அவற்றுக்கு வைத்த பெயர். கடாரம் என்று நம்மவர் அழைத்த இந்த மண்ணில் அந்தப் பகுதியை எழுதக்கூடியவர் யார்? உங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் பாட்டியும், அவர் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் பேரப்பிள்ளையும்தான்.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கும்போது அந்தக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். பறவைப் படம் போட்ட புத்தகம் இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள். எடைக்குப் போட்டால் சில காசுதான் கிடைக்கும்.

இரவில் ‘டொக் டொக்’ என்று தட்டும் பறவைக்கு உங்கள் தோட்டத்தில் வழங்கிய பெயர் என்ன? பெரியவர்களைக் கேட்டு, தோட்டத்தின் பெயரோடு நமக்கு எழுதுங்கள். வந்த பெயர்களை இதே பகுதியில் வெளியிடுவோம்.